ராத்தாவின் நடை

அன்பு மகனுக்கு,

அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. கடிதம் வந்த அன்றே பின்னேரம் பதில் எழுதி முத்திரை ஒட்டிவிடுகிறவன் நான். இந்த முறை ஒன்பது நாள் கடத்திவிட்டேன். நீ கேட்டது ஒரு சின்னக் கேள்விதான். கட்டாரில் கட்டடக் கம்பனிக்குக் குசினியும் குளியலறையும் பிளான் கீறுகிற வேலையை விட்டுவிட்டு, பாதியில் நின்றுபோன உன் அனிமேசன் படிப்பைத் திரும்பவும் தொடங்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்றும், இருபத்தேழு வயதில் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றும் எழுதி, கடைசியில் "வாப்பா, உங்கட விருப்பம் என்ன?" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உம்மா இரண்டு தரம் கேட்டா, என்ன எழுதியிருக்கிறான் என்று. சுகமாக இருக்கிறானாம் என்று மட்டும் சொன்னேன். உனக்கு நான் என்ன செய்தேன் என்பதை என் வாயால் சொல்லாமல் என் விருப்பத்தை உனக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, மகன். அதனால் முதலில் அதைச் சொல்கிறேன். கடிதம் நீளும். பொறுத்துக்கொள்.

நம் வீட்டின் முன் அறைதான் இந்த ஊரின் உப தபால் கந்தோர் என்பதால், நீ வளர்ந்ததே முத்திரைப் பசை வாசத்துக்குள்தான். உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ஒரு நாள் தந்தி எழுதுகிற படிவக் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஒரு சின்ன மனிதன். நான் கோபத்தோடு தாள்களை விரலால் தட்டிவிட்டபோது அந்த மனிதன் அசைந்தான். தொப்பி காற்றில் பறக்கிறது, துரத்துகிறான், குனிகிறான், எடுக்கப்போகையில் தொப்பி திரும்பவும் பறக்கிறது. நான் தனியே நின்று சிரித்துவிட்டேன். இன்னொரு தரமும் தட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டு, அரசாங்கக் கடதாசியைப் பழுதாக்கினாய் என்று காதைத் திருகினேன். நான் சிரித்ததை நீ காணவில்லை. உனக்குக் காட்டாமல் நான் ஒளித்த முதலாவது விசயம் அது என்று இப்போது நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்து, கொழும்பில் ஒரு ஸ்ரூடியோ நடத்திய மூன்று வருட வகுப்புக்கு உன்னை எடுத்தபோது, ஊரில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. "படம் கீறுற படிப்பா?" என்று கேட்டவர்களுக்கு "இல்ல, அச்சு வேல மாதிரி ஒண்டு" என்று சொல்லிச் சமாளித்தேன். நீ விபரமாகத்தான் எழுதுவாய். கீழே பல்ப் எரிகிற கண்ணாடி மேசையில் தாளின் மேல் தாள் வைத்து, ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு படம் கீற வேண்டும் என்று எழுதினாய். முதல் மூன்று மாதமும் ஒரு பந்து விழுந்து எழும்புவதை மட்டும் கீறினாய். பந்து நிலத்தில் படும்போது சப்பையாக வேண்டுமாம், இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்கு அது கல்லாகத் தெரியுமாம். பிறகு ஒரு மா மூட்டை. முகமில்லை, கையில்லை, காலில்லை, அந்த மூட்டை வெட்கப்பட வேண்டும், கோபிக்க வேண்டும், அழ வேண்டும். "வாப்பா, நான் மாவ நினைக்காம எங்கட நாவிதன்வெளி வயல் நெல்லு மூட்டைய நினைச்சுக் கீறினன். சரியா வந்திச்சு" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நான் உம்மாவிடம் "உன்ட மகன் மூட்டைய அழவைக்கப் படிக்கிறான்" என்று பகிடி பண்ணினேன். உம்மா சிரிக்கவில்லை. "மூட்டைய அழவைக்கிறவன் மனுசர எவ்வளவு பாத்திருப்பான்" என்றா.

நீ லீவில் வந்தால் வீட்டில் இருக்கமாட்டாய். கரைவலை இழுக்கிறவர்கள் பின்னால் சாய்ந்து காலை மணலில் ஊன்றுவதையும், பஸ்ஸில் தொங்குகிறவன் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்பதையும் பார்த்துக்கொண்டு நிற்பாய். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் ஒருவர் என்னை மறித்து, "உங்கட மகன் உசிருள்ளதக் கீறுறானாம், மார்க்கத்தில அதுக்கு இடமிரிக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உன்னிடம் அதே கேள்வியைக் கேட்டேன். நீ மெதுவாகச் சொன்னாய், "வாப்பா, நான் வணங்கக் கீறல்ல. ஒரு ஆள் எப்பிடி நடக்கிறார் எண்டு விளங்கக் கீறுறன்." நான் உரத்துப் பேசி உன் வாயை அடைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று என் மனதில் இருந்தது மார்க்கம் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மார்க்கத்தை முன்னால் பிடித்துக்கொண்டேன். அது பெரிய பாவம்.

இனி என் மூத்த மகள், உன் ராத்தாவின் கதைக்கு வருகிறேன். மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய வலது காலின் பலத்தை எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. கலியாண வீடு, கத்தம் ஓதுகிற வீடு என்று எங்கும் அவளை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வருவதென்றால், வரமுன்னமே அவளைக் கதிரையில் இருத்திவிடுவேன். அவர்கள் போனபிறகுதான் எழும்பலாம். ஒரு தரம் விருந்தாட்கள் மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டார்கள். அவள் அசையாமல் இருந்து, பிறகு எழும்ப முடியாமல் விழுந்தாள். அவள் வீட்டுக்குள் நடக்கும்போது நான் முத்திரைப் புத்தகத்தைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன். இருபது வருடத்துக்கு மேல் என் பிள்ளை என் கண்முன்னால் நடந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மூன்றாம் வருட லீவில் நீ வந்திருந்தாய். கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் மூன்று நிமிசப் படம் ஒன்று செய்ய வேண்டும் என்று சொன்னாய். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குக் கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் வந்தேன். கிணற்றடியிலிருந்து மாமரம் வரைக்கும் ராத்தா நடந்துகொண்டிருந்தாள். நீ நிலத்தில் குந்தியிருந்து ஒரு தடியால் வாளியில் தட்டி எண்ணிக்கொண்டிருந்தாய்.

"இன்னொருக்காப் போ ராத்தா. அந்த இடது தோள் எப்ப கீழ வருது எண்டு பாக்கணும்."

"எத்தின தரம்டா? கால் கடுக்குது."

"இந்த ஒருக்கா மட்டும். சுறுக்கா வேணாம், நீ வழமையா நடக்கிற மாதிரி."

"நான் வழமையா நடக்கிறது எனக்கெங்க தெரியும்? நீதான் சொல்லணும்" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. "அவள்ட குறைய ஊருக்குக் காட்டவா கொழும்புக்குப் போய்ப் படிக்கிறாய்?" என்று சத்தம் போட்டேன். நீ எழும்பி நின்றாய். ராத்தாதான் பதில் சொன்னாள், "நான்தான் கீறச் சொன்னன் வாப்பா. வகுப்பில எல்லாரும் ஒரு ஆம்புளையத்தான் கீறி நடக்க வைக்கிறாங்களாம். நான் நடந்தா என்ன?" உள்ளே போ என்றேன். அவள் உள்ளே போனாள். அப்போதும் நான் கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதமே சம்மாந்துறையிலிருந்து அவளுக்கு ஒரு சம்மந்தம் பேசி வந்தது. இப்போது உன் மச்சானாக இருக்கிற ஆசிரியர்தான். தரகரிடம் நான், "சின்ன வயசில காலில ஒரு நோ வந்தது, வேறொண்டுமில்ல" என்று சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். அந்தக் கிழமையே உன் கடிதம் வந்தது. இரண்டாயிரம் தாள் கீறி முடிந்துவிட்டது, கமராவில் ஒவ்வொன்றாகப் படமெடுக்க வேண்டியதுதான் மிச்சம், ஒவ்வொரு மாணவனுக்கும் கமரா ஒரு கிழமைக்குத்தான் கிடைக்கும், உன் முறை வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். நல்ல படங்களை டீவியில் காட்டப்போகிறார்கள் என்றும், தாள்களைப் பார்த்தே உன் படத்தைத் தெரிவுசெய்துவிட்டதாக உன் வகுப்பு ஆசிரியர் சொன்னார் என்றும், தொடக்கத்தில் 'என் ராத்தாவுக்கு' என்று போடப்போவதாகவும் எழுதியிருந்தாய். எவ்வளவு சந்தோசத்தோடு எழுதியிருப்பாய் மகன். பஸாரில் டீவி வைத்திருந்த கடை வாசலில் பின்னேரமானால் நூறு பேர் நிற்பார்கள். சம்மாந்துறை ஆட்களும் நிற்பார்கள். என் மகள் நொண்டி நொண்டி அந்தப் பெட்டிக்குள் நடந்து வருவதை எல்லோரும் பார்ப்பார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை கந்தோரைத் திறந்ததும் ஒரு தந்திப் படிவம் எடுத்தேன். 'தாய் கடுமை, உடனே புறப்படு' என்று இங்கிலீசில் நாலு சொல் எழுதினேன். டெலிபோனில் பெரிய கந்தோருக்கு நானே எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் என் குரலை அறிந்தவர். "ஐயோ, உங்கட வீட்டிலயா? அல்லாஹ் சுகமாக்குவான்" என்றார். ஆமீன் என்றேன். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுடைய மவுத்தையும் பிள்ளைப் பேறையும் நான் தந்தியில் அனுப்பியிருக்கிறேன். ஒரு எழுத்துப் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. என் கையால் நான் அனுப்பிய ஒரே பொய் உனக்குத்தான்.

பிறகு உள்ளே போய் உம்மாவைப் படுக்கச் சொன்னேன். அவ முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தா.

"என்னத்துக்கு?"

"மகன் வாறான். உனக்குச் சுகமில்ல எண்டு சொல்லி இரிக்கன்."

அவ சுளகை ஒரு பக்கம் வைத்தா. "எனக்குப் பொய் பேச ஏலா" என்றா.

"நீ பேச வேணாம். படுத்திரு. காணும்."

ராத்தாவின் கலியாணம் குழம்பிப் போகும் என்று சொல்லித்தான் அவவைப் படுக்க வைத்தேன். மகளைக் காட்டிப் பயப்படுத்தி, தாயை மகனுக்கு முன்னால் பொய்யாகக் கிடத்தினேன். நீ அடுத்த நாள் பகல், முகமெல்லாம் தூசியாக, சப்பாத்தையும் கழற்றாமல் ஓடிவந்து கட்டிலடியில் குந்தினாய். டாக்குத்தரிடம் காட்டினீர்களா என்று கேட்டாய். நெஞ்சு பலவீனமாம், கொஞ்ச நாள் பக்கத்தில் ஆள் வேண்டுமாம் என்றேன். நீ உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

இரண்டாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரம். நீ வாசலில் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். உம்மா "உம்மாட பிள்ளைக்குத் தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலை விட்டு எழும்பினா. நான் பதறிப்போய் "மெதுவா, மெதுவா" என்று ஓடினேன். நீ திரும்பிப் பார்த்தாய். பிறகு குனிந்து உன் காலைப் பார்த்தாய். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். திங்கள் போனது. "இன்னும் ரெண்டு நாள் நில்லு மகன்" என்றேன். புதன் போனது. "வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு போகலாம்" என்றேன். ஒன்பதாம் நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோது உன் கிழமை முடிந்திருந்தது. கமராவுக்குக் கீழே வேறொரு பிள்ளையின் தாள்கள் இருந்தன. படம் இல்லாதவனுக்குச் சான்றிதழ் இல்லை என்று சொன்னார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வருடத்துக்குள் கலவரம் வந்து நாடு குழம்பி, வகுப்பை மூடிவிட்டார்கள். நீ ஒரு தகரப் பெட்டியில் இரண்டாயிரம் தாளோடு வீட்டுக்கு வந்தாய். ஒரு வருடம் கல்முனையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதினாய். பிறகு கட்டார். உன் வாழ்க்கை அந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் நாடு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாடு பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நான்.

ராத்தாவின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மச்சான் வீட்டோடு வந்து ஆறு மாதமிருக்கும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் அவளுடைய காலைப் பற்றி ஏதோ இழுத்து இழுத்துக் கதைத்தேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுக்காமலே, "அது தரகர் முதல் நாளே சொன்னவர் மாமா. அதுக்கு மறுகா நான் ஒருக்கா முத்திர வாங்க எண்டு வந்து பாத்திட்டும் போனன்" என்றார். நான் உன்னிடமிருந்து பறித்தெடுத்த மூன்று நிமிசம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்ததை நான் ஒருவன் மட்டும் மூடி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகாவது உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ சம்பாதிக்கிறாய், சுகமாக இருக்கிறாய், பழையதைக் கிளறி என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது உன் கடிதம் வந்து நான் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த மூன்றாம் நாள், ராத்தாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தந்தியையும் சொன்னேன். அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். "தம்பிக்கு அது அண்டைக்கே தெரியும் வாப்பா" என்றாள். நீ அவளிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்: "நோயில கிடக்கிற ஆள் எழும்பக்குள்ள முதல்ல தலை தொங்கும், மறுகா கை கட்டில்ல ஊண்டும், கடைசியிலதான் இடுப்பு எழும்பும். உம்மாக்கு இடுப்பு முதல்ல எழும்பிச்சு ராத்தா. உம்மாக்கு ஒண்டுமில்ல." அப்படியென்றால் ஏன் போகவில்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். "நான் இப்ப போனா உம்மா பொய்க்காரியா நிக்கணும். வாப்பா என்னமோ பயத்திலதான் கூப்பிட்டிரிக்கார். உன்ட விசயம் முடியட்டும்" என்றாயாம்.

குசினிக்குப் போய் உம்மாவிடம் கேட்டேன், அவனுக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியுமா என்று. அவ அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னா, "அவன் பாக்கட்டும் எண்டுதான் நான் அப்பிடி எழும்பினன். வாயாலதான் பேச வேணாம் எண்டு சொன்னீங்க." ஆறு வருடமாக இந்த வீட்டில் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். உன்னைத் தடுத்து வைத்தது என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். உன்னைத் தடுத்து வைத்தது உன்னுடைய இரக்கம். அதை நான் என் வசதிக்குச் செலவழித்துவிட்டேன்.

அன்று பின்னேரம் ராத்தா உன் தகரப் பெட்டியை இழுத்து வந்து என் முன்னால் திறந்தாள். தாள் கட்டு ஒன்றை எடுத்து, ஓரத்தைப் பிடித்து விரலால் விட்டாள். மகன், என் பிள்ளை நடந்தாள். கெட்ட காலை எடுப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கிறாள், மூச்செடுக்கிறாள், தோள் இறங்குகிறது, கை தொடையைத் தொட்டும் தொடாமலும் போகிறது, பிறகு உடம்பு முழுக்க ஒரு அலை மாதிரி முன்னால் வருகிறது. பாவமாக இல்லை. அந்த நடையில் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு பிடிவாதம் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கி எதிரே நின்றவளைப் பார்த்து, "ஒருக்கா வாசல் மட்டும் நடந்து காட்டுறியா மகள்?" என்று கேட்டேன். அவள் நடந்தாள். படத்தில் இருந்தது போலவே இருந்தது. முப்பது வயதில் என் மகள் எப்படி நடக்கிறாள் என்று அன்றுதான் கண்டேன். நீ காட்டித் தந்துதான் கண்டேன்.

அடுத்த தாள் கட்டில் ஒரு தபால் கந்தோர் யன்னல். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு மனிதன். அந்தப் பெண் யன்னலைக் கடந்து போகும்போது அவன் முகத்தை மறுபக்கம் திருப்புகிறான். அது நான்தான் என்று ராத்தா சொல்லத் தேவையில்லை. முதல் தாளின் அடியில், எத்தனை படம், எவ்வளவு வேகம் என்று நீ எழுதுகிற இடத்தில், பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாய்: 'பயத்தில் திரும்புகிறார். வெறுப்பில் இல்லை. மெதுவாகத் திருப்ப வேண்டும்.' அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உன் ராத்தாவுக்கு முன்னால், மச்சானுக்கு முன்னால், நான் அழுதேன். உனக்கு இருபத்தொரு வயது அப்போது. நான் உன் காதைத் திருகியதை, என் சத்தத்தை, என் முகம் திருப்பலை எல்லாம் வாங்கிக்கொண்டு, என்னைக் கெட்டவனாகக் கீறாமல் விட்டிருக்கிறாய்.

என் விருப்பம் என்ன என்று கேட்டாய். போ மகன். அந்த வாங்கில் போய் இரு. சின்னப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். இருபத்தேழு வயது ஒரு வயதே இல்லை. அந்தப் பிள்ளைகளை விட நீ மனிதர்களைக் கூடுதலாகப் பார்த்திருக்கிறாய், அதில் பாதியை என்னால்தான் பார்த்தாய். வீட்டைப் பற்றி யோசிக்காதே, நாங்கள் பார்த்துக்கொள்வோம். தாள்களை ஈரம் படாமல் கட்டி வைத்திருக்கிறோம். எந்த விலாசத்துக்கு என்று எழுதினால், ராத்தா தானே நடந்து போய்ப் பெரிய கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்புவாளாம். நானும் கூடப் போகிறேன். அவளோடு ரோட்டால் போக வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் நீ வழமைபோல 'பரவாயில்லை வாப்பா, அதெல்லாம் பழைய கதை' என்று எழுதத் தொடங்குவாய். அப்படி எழுதாதே. அந்த ஒன்பது நாளும் வாசலில் நின்று நீ என்ன நினைத்தாய் என்று எழுது. கோபமாக எழுது. எவ்வளவு கோபமோ அவ்வளவையும் எழுது. இந்த முறை நான் மறுபக்கம் திரும்பாமல் வாசிப்பேன்.

உன் வாப்பா